மலையேறி வந்த வேலையும் இறங்காத வாடகையும்

கோவையில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் பிரிவில் வேலை பார்க்கிறேன், வீடு கோத்தகிரியில். 2020 மார்ச் மாதம் வரை வார நாட்களில் பீளமேட்டில் ஒரு விடுதியில் தங்கி, சனிக்கிழமை மாலை மேட்டுப்பாளையம் வழியாக மலையேறி, திங்கட்கிழமை முதல் பேருந்தில் இறங்கிவிடுவேன். ஊரடங்குக்குப் பின் வந்த ஆண்டுகளில் ஊழியர்களின் கணக்கை எழுதுபவனாகவும், இரண்டு குடித்தனங்களுக்கு வீடு விட்டிருக்கும் குடும்பத்தின் மகனாகவும், பேரூராட்சி வாக்காளனாகவும் நான் கண்டவற்றைச் சேர்த்து எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அந்த நாட்களில் எல்லோரும் எல்லாவற்றையும் ‘தற்காலிக ஏற்பாடு’ என்றே சொன்னார்கள். அவற்றில் எது கலைந்தது, எது நிலைத்துவிட்டது என்று இப்போது பார்த்தால், பெரும்பாலும் கையில் ஒரு காகிதம் இருந்ததா இல்லையா என்பதே அதைத் தீர்மானித்திருக்கிறது.

தமிழ்நாட்டில் 2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே அலுவலகக் கணினியை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்திருந்தேன். மாதக் கடைசியில் சம்பளம் போட்டாக வேண்டும் என்பதால் எங்கள் பிரிவுக்கு மட்டும் ஒரு நாள்கூட ஓய்வு இல்லை. வீட்டில் இணைய இணைப்பு கிடையாது. மாடிப்படித் திருப்பத்தில், ஜன்னல் கம்பியில் கைபேசியைச் சாய்த்து வைத்தால் மட்டுமே சிக்னல் நிலையாக நின்றது. அங்கேயே ஒரு முக்காலியைப் போட்டு மார்ச் மாதச் சம்பளத்தை முடித்தேன். சில மாதங்கள் கழித்து, ஊரில் கேபிள் டி.வி. இணைப்புக் கொடுப்பவர் மூலமாகத்தான் ஃபைபர் இணைப்புக் கிடைத்தது.

மலையில் இருந்துகொண்டு வேலை பார்க்க நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது மழையின் கணக்கை. அவலாஞ்சி, கூடலூர் போன்ற மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும். 2020 ஆகஸ்டு தொடக்கத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. கோத்தகிரி, குன்னூர் இருக்கும் கிழக்குச் சரிவுக்கோ ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. 2009 நவம்பரில் மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாத வெயிலில் வந்து வீட்டைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பவர்கள், கற்பூர மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்து இரண்டு நாள் இருட்டில் கிடக்கும் வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். எந்தச் சரிவில் வீடு இருக்கிறதோ அந்தச் சரிவின் மழை மாதத்தில் வந்து பார்ப்பதே நல்லது. வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு இணைப்புகளும், மோடத்துக்கென்று தனியாக ஒரு சிறிய பேட்டரியும் இருந்தால் பாதிக் கவலை தீரும்.

மலையிலிருந்து அலுவல் பார்ப்பது இங்கு புதிதும் அல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் சென்னை மாகாண அரசே கோடை தொடங்கியதும் கோப்புகளையும் குமாஸ்தாக்களையும் சுமந்துகொண்டு ஊட்டிக்கு ஏறிவிடும். கோடை முடிந்ததும் இறங்கிப் போவார்கள் என்பது அப்போது ஏறுகிறவர்களுக்கும் தெரியும், அவர்களுக்குப் பாலும் விறகும் விற்றவர்களுக்கும் தெரியும். 2020இல் வந்தவர்கள் எப்போது இறங்குவார்கள் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சலில் ‘மறு அறிவிப்பு வரும் வரை வீட்டிலிருந்து பணிபுரியலாம்’ என்று ஒரே வரிதான் இருந்தது. நியமன ஆணையில் பணியிடம் கோவை என்பது அப்படியே இருந்தது. இந்த ஒரு வரியை நம்பி நகரத்து வீட்டைக் காலி செய்தவர்கள், பிள்ளைகளைச் சொந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தவர்கள், வங்கிக் கடனில் ஊரில் வீடு கட்டத் தொடங்கியவர்கள் எனப் பலரின் முகவரி மாற்ற விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. பெரிய நிறுவனங்களின் பேச்சும் அப்போது அப்படித்தான் இருந்தது. 2025க்குள் தன் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே எந்நேரத்திலும் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020இல் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபரிலிருந்து வாரத்தில் ஐந்து நாளும் வரச் சொல்லிவிட்டது. எங்கள் அலுவலகம் இரண்டு தளங்களில் ஒன்றை வாடகை மிச்சம் என்று கைவிட்டிருந்தது. 2022இல் ஆட்களைத் திரும்ப அழைத்தபோது உட்கார நாற்காலி போதாமல், யார் எந்தக் கிழமை வருவது என்று பட்டியல் போடும் வேலையும் எங்கள் பிரிவின் தலையில் விழுந்தது.

அழைப்பு வந்தபோது ஊரிலேயே தொடர முடிந்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் மற்றவர்களைவிடத் திறமைசாலிகள் என்று சொல்ல மாட்டேன். பணியிடத்தைத் திருத்தித் தனியாக ஒரு கடிதம் வாங்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் எந்த ஊரிலிருந்து வேலை, எதுவரை, திரும்ப அழைப்பதானால் எத்தனை மாத முன்னறிவிப்பு, இணையத்துக்கும் பயணத்துக்கும் யார் செலவு என்ற நான்கும் இருந்தன. மேலாளர் நல்லவர், அவர் வாயால் சொல்லிவிட்டார் என்பது போதாது. அவரே அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார். எங்கள் நிறுவனத்தில் பாதிப் பேருக்கு நடந்தது அதுதான்.

வேலை போவதைவிடப் பெரிய இழப்புகளை 2021 மே மாதத்தில் பார்த்தேன். இரண்டாம் அலையில் எங்கள் ஊழியர்கள் சிலர் இறந்தார்கள். நீலகிரியில் அப்போது அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்படவில்லை. 2022 ஜனவரியில்தான் அது திறக்கப்பட்டது. மூச்சுத் திணறல் முற்றியவர்களை ஆம்புலன்சில் கோவைக்கு இறக்குவார்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு உள்ள ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால், அதனோடு இணைந்த காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஒரு தொகை கிடைக்கும். 2021 ஏப்ரல் இறுதியில் அதன் உச்சவரம்பு 6 லட்சத்திலிருந்து 7 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை என்பதால், இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

தொகை இருந்தது; வாங்குவதற்கு வழிதான் அடைபட்டிருந்தது. கணவரை இழந்த ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தபோது, வாரிசு நியமனத்தில் இறந்தவரின் தாயார் பெயர் இருந்தது. திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பது வைப்பு நிதி விதி. புதிதாக எதையும் அவர் பதிந்திருக்கவில்லை. ஆகவே வாரிசுச் சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகமோ பாதி ஆட்களுடன் இயங்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையோடு அவர் ஒவ்வொரு முறையும் தொலைபேசியில், “சார், இந்த வாரமாவது ஆகுமா?” என்று கேட்பார். மாமியார் மனமுவந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் அந்தக் குடும்பத்தில் தகராறு இல்லை. எல்லாக் குடும்பத்திலும் அப்படி நடக்கவில்லை. வாரிசு நியமனத்தைப் புதுப்பிப்பது பத்து நிமிடத்தில் இணையத்தில் செய்யக்கூடிய வேலை. கோத்தகிரி பேருந்து நிலையம் பக்கம், இ-பாஸ் விண்ணப்பம் போட்டே ஊரடங்கைத் தாண்டிய ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர் இன்று இதையும் செய்து கொடுக்கிறார். ஆதாரோடு கணக்கை இணைத்து, மனைவி, பிள்ளைகளின் பெயரைப் பதிந்துவிட்டு, பதிந்த பக்கத்தை அச்செடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

இதனோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் இறுதியில், வைப்பு நிதியிலிருந்து மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் அல்லது இருப்பில் 75 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைத் திருப்பிக் கட்டத் தேவையில்லாத முன்பணமாக எடுக்கலாம் என்று அரசு அனுமதித்தது. தேவைப்பட்டவர்கள் எடுத்தது சரிதான். ஆனால் அந்தக் காப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதி, இறப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களில் கணக்கில் இருந்த சராசரி இருப்பை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கைபேசி வாங்கவும் வண்டி மாற்றவும் கணக்கைச் சுரண்டியவர்களுக்கு, அது தங்கள் குடும்பத்தின் காப்பீட்டையும் சேர்த்துச் சுரண்டுவது என்று யாரும் சொல்லவில்லை. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்பான 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கியவர்களுக்கு, கொரோனாவில் இறந்தால் தினசரிச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதத்தைக் குடும்பத்துக்கு வழங்கும் திட்டமும் 2021இல் வந்தது. ஆனால் நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே பதிவும், ஓராண்டில் குறைந்தது 70 நாள் சந்தாவும் இருக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் மூலம் வந்த காவலாளிகளும் துப்புரவுப் பணியாளர்களும் இங்கேதான் தவறிப்போனார்கள்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். தாத்தா 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் கண்டியிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடற்றவர் என்று ஒரு தலைமுறை அலைந்த குடும்பம் என்பதால், எங்கள் வீட்டில் பேருந்துச் சீட்டைத் தவிர எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. வேலையோடு வரும் வீடு வேலையோடு போய்விடும் என்பதைத் தோட்டத்து லைன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவேதான் அப்பா முதல் காரியமாகச் சொந்த வீடு கட்டினார். பிறகு கீழே இரண்டு குடித்தனங்களுக்கு இடம் எடுத்தார்.

அதில் ஒன்றில் சுற்றுலா வேன் ஓட்டும் ஒருவர் மனைவி, மகளோடு இருக்கிறார். ஊட்டியில் 2020, 2021 இரண்டு ஆண்டும் மலர்க் கண்காட்சி இல்லை. மலை ரயிலும் மாதக்கணக்கில் நின்றது. 2020 செப்டம்பரில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று தமிழ்நாடு முழுவதும் அறிவித்த பிறகும், நீலகிரிக்குள் நுழைய அது தேவைப்பட்டது. சீசனை நம்பியவருக்கு இரண்டு சீசனும் போயிற்று. வண்டிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி அனுமதித்த தவணைத் தள்ளிவைப்பை ஆகஸ்டு வரை முழுவதுமாகப் பயன்படுத்திக்கொண்டார். தவணை தள்ளிப்போனதே தவிர வட்டி ஓடிக்கொண்டிருந்தது என்பது, கடன் முடியும் தேதி நீண்டிருப்பதைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. நிதி நிறுவனத்தின் குறுஞ்செய்தியில் அது இருந்திருக்கிறது, ஆங்கிலத்தில்.

ஏப்ரல் மாதம் அவர் அப்பாவிடம் வந்து, “அய்யா, வாடகை கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்றார். “பொறுத்துக்கலாம் தம்பி. எது தள்ளுபடி, எது பாக்கின்னு மட்டும் இப்பவே எழுதிக்குவோம்” என்றார் அப்பா. ஒரு கோடு போட்ட நோட்டுத் தாளில் மூன்று மாத வாடகை தள்ளுபடி, அதற்குப் பிறகு பாதி வாடகை, மீதிப் பாதி பாக்கி, பாக்கியை வண்டி ஓடத் தொடங்கிய பின் மாதம் இவ்வளவு என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். பக்கத்துத் தெருக்களில் இதே உதவியை வாய்மொழியாகச் செய்த வீட்டுக்காரர்கள், 2021 இறுதியில் ‘பாக்கி எங்கே’ என்று கேட்க, ‘விட்டுக்கொடுத்ததாகத்தானே சொன்னீர்கள்’ என்று குடித்தனக்காரர்கள் கேட்க, பேச்சுவார்த்தை முறிந்ததைப் பார்த்தோம்.

வேன் நின்றிருந்த நாட்களில் அவர் வேறொருவரின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி இரவில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கினார். அவர் மனைவி பல ஆண்டுகளுக்குப் பிறகு கொழுந்து பறிக்கப் போனார். ஜார்க்கண்டிலிருந்து வந்திருந்த தொழிலாளர்களில் பலர் மே மாத ரயில்களில் ஊர் திரும்பிவிட்டதால் தோட்டங்களில் ஆள் தட்டுப்பாடு; அசாமில் ஊரடங்கால் கொழுந்து எடுக்க முடியாமல் போனதில் இங்கே பச்சைத் தேயிலை விலை கிலோ 20 ரூபாயைத் தாண்டியது. பெருந்தொற்றில் நீலகிரியின் சிறு விவசாயி கொஞ்சம் மூச்சு விட்டார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. அந்த விலையும் பின்னர் இறங்கிவிட்டது.

இன்னொரு பகுதியை 2021இல் சென்னையைச் சேர்ந்த ஒரு மென்பொருள் தம்பதியருக்கு விட்டோம். அமைதியான பிள்ளைகள், அடுத்த ஆண்டே அவர்களை அலுவலகம் அழைத்துக்கொண்டது. இப்படி வந்தவர்கள் எல்லோரும் சேர்ந்துகூட மலையின் வாடகையை அவ்வளவு ஏற்றியிருக்க மாட்டார்கள். அவர்கள் கொடுத்த தொகையைக் கண்டு, குடித்தனங்களைக் காலி செய்து, சுவருக்கு வெள்ளையடித்து, கெய்சர் மாட்டி, நாள் வாடகைக் காட்டேஜாக மாற்றிய வீட்டுக்காரர்கள்தான் ஏற்றினார்கள். வேலை மலையிறங்கிப் போன பிறகும் அந்த வீடுகள் குடித்தன வீடுகளாகத் திரும்பவில்லை. இரண்டு நாள் சுற்றுலாக் குடும்பம் கொடுப்பதை ஒரு செவிலியரோ ஆசிரியரோ மாதம் முழுவதற்கும் கொடுக்க முடியாது. இங்கு புதிய வீடுகளைக் கட்டித் தள்ளவும் முடியாது. மலைப்பகுதிக் கட்டட விதிகளில் 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது, அது இருப்பதுதான் நியாயமும்கூட. ஆகவே உள்ள வீடு குறைந்தால் குறைந்ததுதான்.

மலையில் இடம் வாங்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடலூர், பந்தலூர் பக்கம் மலிவாக வரும் நிலங்களில் பல, 1969ஆம் ஆண்டின் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கியவை. பட்டா கிடைக்காது, மின் இணைப்புக்கும் வழக்குதான். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளுக்கு எதிரான உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. தரகர் காட்டும் அனுபவச் சான்றையும் வீட்டுவரி ரசீதையும் பட்டா என்று நினைத்துவிடக் கூடாது.

வாடகைக்குப் போகிறவர்களுக்கு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் ஓரளவு துணை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. சென்னைத் தம்பதியரின் ஒப்பந்தத்தில் இரு தரப்புக்கும் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இருந்ததால், அவர்கள் பாதியில் கிளம்பியபோது முன்பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

அரசியலைப் பற்றிச் சொன்னால், பெருந்தொற்றில் அரசு நம்மைக் குடும்ப அட்டையாகத்தான் பார்த்தது. 2020 ஏப்ரலில் 1,000 ரூபாய், 2021இல் ஆட்சி மாறியதும் இரண்டு தவணையாக 4,000 ரூபாய், எல்லாம் அரிசி அட்டை வைத்திருந்தவர்களுக்கு. எங்கள் வீட்டில் குடியிருக்கும் வேன் ஓட்டுநரின் அட்டை அவர் மாமனார் ஊரிலேயே இருந்ததால், முதல் தொகை அவர் கைக்கு வந்து சேரவில்லை. அடுத்ததற்குள் அட்டையை மாற்றிக்கொண்டார். நீலகிரிக் கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்திருந்ததால் அங்கே தலைவர் என்று ஒருவர் இருந்தார். தெருவைத் தகரம் வைத்து அடைத்தால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்க முடிந்தது. பேரூராட்சி, நகராட்சிகளிலோ 2016க்குப் பிறகு உறுப்பினர்களே கிடையாது, தனி அலுவலர் ஆட்சிதான். அடைத்த தெருவுக்குள் பால் யார் கொண்டுவருவது என்று கேட்க எங்களுக்கு ஆள் இல்லை. ஆகவே 2022 பிப்ரவரி 19இல் நகர்ப்புறத் தேர்தல் வந்தபோது வார்டில் கட்சிப் பேச்சு குறைவாகவும், ‘அப்போது யார் வந்து பார்த்தார்கள்’ என்ற பேச்சு அதிகமாகவும் இருந்தது. வீட்டிலிருந்து வேலை என்று திரும்பிய இளைஞர்கள் பலர் வாக்காளர் பட்டியலில் பெயரை மாற்றாமல், கோவையிலும் பெங்களூரிலும் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். தேர்தல் முடிந்த சில வாரங்களில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்ததும் அதிகம் கொந்தளித்தவர்களும் அவர்கள்தான்.

சென்னைத் தம்பதியர் இருந்த பகுதியைக் காட்டேஜாக்கினால் மும்மடங்கு வரும் என்று உறவினர்கள் சொன்னார்கள். அம்மாவுக்கு நாளுக்கொரு முகம் வீட்டு வாசலில் வந்துபோவதில் விருப்பமில்லை. அப்பாவுக்கு மாதாமாதம் வரும் உறுதியான தொகைதான் கணக்கு. வாடகை வீடு கிடைக்காமல் மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் பேருந்தில் ஏறி வந்துகொண்டிருந்த அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு அதை விட்டோம். ஒப்பந்தத்தை இந்த ஆண்டு புதுப்பித்தபோது வாடகையை ஐந்து சதவீதம் உயர்த்தினோம். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் போட்டுக் கொடுத்துவிட்டதால், யூனிட்டுக்கு எவ்வளவு என்று மாதந்தோறும் நடந்துகொண்டிருந்த பேச்சும் நின்றுவிட்டது.